மிலிட்டரிச் செடி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சோடாக்கடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் சண்டைச் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். தபால்காரனாக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த அன்று நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரம்மா அப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்தது சூரியனோடு. சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஒரு கை இடுப்பில், ஒரு கை நெற்றிக்கு மேல். அண்ணாந்து பார்த்து, "காலங்காத்தாலயே இன்னாத்துக்கு இந்தக் காய்ச்சல் காயிறே? ஒனக்கு வேற ஊரே கெடைக்கலியா? அப்பிடிக்கா சாலவாக்கம் பக்கம் போயேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பாவம், சாலவாக்கத்துக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். "எங்க ஊரு இன்னாம்மா பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டார். சண்டை சூரியனை விட்டு அவர் மேல் இறங்கியது.

அந்தம்மாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "பேரு வெச்ச மாமன் மாதிரி கூப்புடுறான் பாரு" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் ஊரே 'சோடாக்கடையம்மா' என்பதோடு நிறுத்திக்கொண்டது. நானும் இங்கே அதோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் பயம் விடவில்லை.

ஆள் குள்ளம். குரல் மட்டும் ஏரிக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவனுக்குக் கேட்கும். வலது கட்டை விரலால் கோலியை ஒரு அமுக்கு அமுக்கினால் சோடா பாட்டில் அலறும். எனக்குக் கணக்கு அந்தச் சோடாவில்தான். அவர் வீட்டுக்காரர் மிலிட்டரியில் லாரி ஓட்டினார். வடக்கே எங்கேயோ பனிமலையில். கடிதம் கொண்டுபோனால் எனக்குக் கலர் சோடா. கொண்டுபோகாவிட்டால், "சைக்கிள்ல ஊர்கோலமா வர்றே? வெறுங்கைய வீசிக்கினு வர்றதுக்குச் சர்க்கார் ஒனக்குக் காக்கிச் சட்டை வேற தெச்சிக் குடுக்குதா?" என்று கிடைக்கும். வீட்டுக்காரர் எழுதாததற்கு நான் என்ன செய்வேன்? ஒரு தடவை இதைக் கேட்டேவிட்டேன். "நீ எழுதச் சொல்லி ஒரு கடுதாசி போடறது" என்றார். போட்டேன். வேறு வழி?

அவர் சண்டை போடாத நேரம் என்று ஒன்று உண்டென்றால், சாயங்காலம் பூக்காரி கூடையோடு தெருவில் நுழையும் நேரம்தான். அப்போது சண்டை இல்லை, புலம்பல். ஆனால் அதே குரலில்.

"கல்யாணம் கட்டி இத்தினி வருசம் ஆவுது. எங்க வூட்டுக்காரரு ஒரு மொழம் பூவு வாங்கியாந்தது கெடையாது. கேட்டா, பூவு எதுக்கு வாடிப் பூடும்ன்றாரு. நானுந்தான் வாடிப் பூடுவேன். அதுக்கோசரம் என்னைக் கட்டிக்காம இருந்தாரா?"

"நீயே வாங்கி வெச்சிக்க வேண்டியதுதானே?" என்பாள் எதிர்வீட்டு மேஸ்திரியின் சம்சாரம். சோடாக்கடையம்மாவோடு தினசரி சண்டை போடத் தெம்புள்ள ஒரே ஆள் அவள்தான்.

"நானே வாங்கி நானே வெச்சிக்கினா அது பூவா? செலவு!"

ஒரு மாசி மாதம் வீட்டுக்காரர் லீவில் வந்தார். ஆறடி ஆள், தோள் இரண்டும் கதவு நிலையில் இடிக்கும். ஆனால் பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அத்தனை சாது. அந்தம்மாவைக் கண்டால் அந்தக் கொஞ்சநஞ்சக் குரலும் உள்ளே போய்விடும். அவருக்கு வந்திருந்த ஒரு பார்சலோடு நான் கடையில் நின்றிருந்தபோதுதான் அந்தம்மா அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கம்பளி, கம்பளிக்குக் கீழே கம்பளி, அதற்கும் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்தால் உள்ளே மண். மண்ணோடு மெத்தை மாதிரி நெருக்கமாக, குட்டிக் குட்டி இலையோடு ஒரு பச்சை. நடுவில் ஒரு பள்ளம்.

"இது இன்னாது?" என்றார் அந்தம்மா.

வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார். அந்தம்மாவைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருந்த சோடா பாட்டில்களைப் பார்த்தார்.

"பூவு" என்றார்.

"இன்னா பூவு?"

"பனிப்பூவு. மலை மேல பாறை இடுக்குல மொளைக்கும். ஒனக்கோசரந்தான் எடுத்தாந்தேன்."

அந்தம்மா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நடுவில் இருந்த பள்ளத்தைக் கட்டை விரலால் மெல்ல அமுக்கிச் சரி செய்தார். பிறகு மேஸ்திரி சம்சாரம் வீட்டைப் பார்த்துத் திரும்பி, ஏரிக்கரை வரை கேட்கும்படி, "எங்க வூட்டுக்காரரு எனக்குப் பூச்செடி எடுத்தாந்துகிறாரு! மலையிலேர்ந்து! அடுத்த தபா அவுரு லீவுல வர்றப்போ இது பூத்து நிக்கலன்னா என்னை ஏன்னு கேளுங்கடீ!" என்றார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வைத்து வீட்டுக்காரர் என்னிடம் உண்மையைச் சொன்னார். அப்போது நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. ரயிலிலும் பஸ்ஸிலும் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். மிலிட்டரி ரம் ஒரு பாட்டில் உடையாமல், போலீஸ் கண்ணிலும் படாமல் ஊர் வந்து சேர வேண்டும். லாரி நின்ற இடத்தில் பாறை மேல் கைக்குக் கிடைத்த பச்சையை மண்ணோடு பெயர்த்து, டப்பாவில் போட்டு, நடுவில் பாட்டிலைப் படுக்க வைத்து மூடியிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாட்டிலை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டார். டப்பாவைக் கொட்ட மறந்துவிட்டார்.

"அப்போ அது பூக்காதா?" என்றேன்.

"அது பூச்செடியா பாசியான்னே எனக்குத் தெரியாது தம்பி" என்றார் பரிதாபமாக. "யார்கிட்டயும் சொல்லிடாதே. தெரிஞ்சா என்னை உயிரோட வுட மாட்டா."

வாயைக் கட்டுவதற்காக அவர் எனக்கும் ஒரு வாய் ஊற்றினார். சர்க்கார் உத்தியோகஸ்தன் செய்கிற காரியமா அது? மருந்துக்குக் குடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனை தெரியாமலிருக்க ஒரு கவுளி வெற்றிலையை மென்றுகொண்டு சோடாக்கடை வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. "இன்னா போஸ்ட்மேன், வெத்தலையெல்லாம் போட ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அந்தம்மா. "வயிறு சரியில்ல" என்றேன். லீவு முடிந்து அவர் போய்விட்டார். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நான்தான் அந்தக் கடை வழியே தினமும் சைக்கிள் மிதித்தேன்.

செடியை எப்படி வளர்ப்பது என்று அவர் சொல்லிவிட்டுப் போனது ஒரே வார்த்தை: "குளிர்ச்சியா வெச்சிக்க." அந்தம்மா அதைத் தனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டார். உடம்புச் சூட்டுக்கு நாம் என்ன செய்வோம்? அதைத்தான் செடிக்கும் செய்தார். காலையில் நீர்மோர், மத்தியானம் நுங்குத் தண்ணீர், ராத்திரி ஊற வைத்த வெந்தயத் தண்ணீர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இலைக்கு நல்லெண்ணெய் தடவி, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். மோர் புளித்து, எறும்பு வரிசை கட்டி, செடி மஞ்சள் அடித்தது. "எல்லாத்தையும் தின்னுட்டு இளைச்சிக்கினே போறியே, ஒனக்கு இன்னாதான் வேணும், வாயத் தொறந்து சொல்லு!" என்று செடியோடு சண்டை போட்டார். செடி வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் அவர் சண்டைக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் தாகத்துக்குத் தண்ணீர் சேந்தப் போனவர், வாளி மேலே வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஊரெல்லாம் கொதிக்கிறது, வாளி மட்டும் ஜில்லென்று இருக்கிறது. அவ்வளவுதான். மோர், எண்ணெய் எல்லாம் நின்றது. செடியைப் புது மண்சட்டிக்கு மாற்றினார். சட்டியை வாளியில் வைத்தார். காலை இளவெயில் மட்டும் காட்டிவிட்டு, வெயில் ஏறியதும் வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, தொங்கவிட்டார். சாயங்காலம் ஏற்றினார். மறுநாளும் அப்படியே. ஒரே வாரத்தில் மஞ்சள் நின்று நடுவில் புதுப் பச்சை தெரிந்தது.

செடிக்குச் சரி. தெருவுக்கு? கடைக்குப் பின்னாலிருந்த அந்தக் கிணற்றில்தான் தெரு முழுக்கத் தண்ணீர் சேந்தும். ராட்டினம் ஒன்றே ஒன்று. அதில் பகல் முழுக்கச் செடி தொங்கினால்?

"செடி எறங்கிகீது, யாரும் சேந்தக் கூடாது!" என்று அந்தம்மா அறிவித்தார்.

"ஏம்மா, செடிக்கு வேர்க்குதுன்னு நாங்க நாக்கு வறண்டு சாவணுமா?" என்று மேஸ்திரி சம்சாரம் குடத்தோடு வந்து நின்றாள்.

"எங்க வூட்டுக் கெணறு!"

"எங்க வூட்டுக்காரரு சுவரு கட்டின கெணறு!"

அந்தச் சண்டை பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் முடிந்தது. முடிவில் சமரசம். தெரு சேந்துகிற தண்ணீரைக் காலையிலேயே சேந்திக்கொள்ள வேண்டும். சாயங்காலம் செடி ஏறிய பிறகு மறுபடி சேந்தலாம். நடுவில் யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் அந்தம்மா ஓசி சோடா கொடுக்க வேண்டும். அந்த வெயிலில் எங்கள் தெருவில் சோறு தவிர எல்லாவற்றையும் சோடாவில் சமைத்தார்கள் என்று பக்கத்துத் தெருவில் பேச்சு. கைக்குழந்தைக்கு ஏப்பம் வந்தால்கூட மிலிட்டரிச் செடி இறங்கிவிட்டது என்பார்கள்.

கத்திரி வெயிலில் கிணறும் சூடாகத் தொடங்கியது. கலர் சோடாவுக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஐஸ் கட்டி வரும், மரத்தூள் கொட்டிக் கோணியில் சுற்றி. பஸ்காரன் கூரையிலிருந்து இறக்குவதற்குள் அதில் பாதி தண்ணீராகி ஜன்னலோரத்துப் பயணிகள் தலையில் சொட்டியிருக்கும். மீதியை அந்தம்மா செடிக்கு மாற்றினார். தகரத் தொட்டியில் ஐஸ், ஐஸ் நடுவே சட்டி, சுற்றிலும் நனைத்த வெட்டிவேர்த் தட்டி. கடையில் கலர் வெதுவெதுப்பாகிவிட்டது. குறை சொன்னவரிடம், "ஜில்லுன்னு குடிச்சி நீ இன்னா பூக்கவா போறே?" என்று கேட்டார்.

ஐஸ் வருகிறது, வியாபாரத்துக்கு வரவில்லை, பின்கட்டில் தட்டி கட்டி மறைத்திருக்கிறது. ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் போலீசுக்குச் சொல்லிவிட்டான், அங்கே சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று. ஒரு மத்தியானம் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து நானும் அங்கே. ஏரிக்கரையில் குடித்த அந்த ஒரு வாய் எனக்கு எழுந்து வந்து சாட்சி சொல்லும் போலிருந்தது.

"உள்ள இன்னா கீது?" என்றார் கான்ஸ்டபிள்.

"பூவு கீது."

"பூவுக்கு இன்னாத்துக்கு ஐஸு?"

"ஒனக்கு இன்னாத்துக்குத் தொப்பி? வெயிலுக்குத்தானே?"

கான்ஸ்டபிள் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பூட்ஸையும் கழற்றிவிட்டு, ஐஸ் தொட்டியில் முதுகைச் சாய்த்துக் கண் மூடியிருந்தார். அந்தம்மா போய், "யோவ், செடிக்கு வர்ற குளுமையெல்லாம் நீயே இஸ்துக்கிறே, எழுந்திருய்யா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னும் முழுசா விசாரிக்கலம்மா" என்றார் அவர். அக்கினி நட்சத்திரம் முடிகிறவரை அந்த விசாரணை தினமும் மத்தியானம் நடந்தது.

ஆடியில் செடிக்கு வேறு கஷ்டம். இலை முழுக்கச் செவப்புச் செவப்பாகப் பொரிப்பொரியாய் எழும்பியது. அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி சம்சாரம் எட்டிப் பார்த்து, சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இது பூச்சி இல்லக்கா. ஆத்தா வந்துகீறா."

"செடிக்கா?"

"ஏன், அவளுக்கு மனுசன் இன்னா, செடி இன்னா?"

சண்டைக்காரியாக இருந்தால் என்ன, ஆத்தா என்றால் அந்தம்மா அடங்கிவிடுவார். அன்றைக்கே வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார். என்னை சைக்கிள் மணி அடிக்கக் கூடாதென்றார். கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று யாரும் சொல்லக் கூடாது, அப்படியே திருட்டுத்தனமாக நழுவ வேண்டும். செடியை வேப்பிலைப் படுக்கையில் வைத்து, வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து இலை இலையாகத் தடவினார். எல்லாவற்றையும்விடப் பெரிய விரதம், சத்தம் போடாமலிருந்தார். அந்த நாட்களில் சோடாக்கடை தெரியாமல் வெளியூர்க்காரர்கள் திண்டாடிப் போனார்கள். பொரி உதிர்ந்தது. வேப்பிலைத் தண்ணீரை வெயிலில் வைத்துச் செடிக்குத் தலைக்கு ஊற்றி, அம்மனுக்குக் கூழ் ஊற்றி, முதல் சண்டையைப் பூசாரியோடு ஆரம்பித்தார். கூழ் தண்ணியாக இருந்ததாம். வேப்பிலைக்குப் பூச்சி சாகும் என்று பிற்பாடு விவசாய இலாகாவில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் விளக்கினார். அதை அந்தத் தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

பிறகு ஐப்பசி வந்தது. வடக்கே பனிமலையில் சீனாக்காரனோடு சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. இங்கே அடைமழை. செடியின் கழுத்தில் தண்ணீர் நின்று ஒரு பக்கம் கறுத்து அழுகத் தொடங்கியது.

முதலில் அந்தம்மா வழக்கத்தைவிட அதிகமாகச் சண்டை போட்டார். மழையோடு, ரேடியோவோடு, என்னோடு. நான் கடைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போவேன். ஒரு நாள், நான் தலையை ஆட்டியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கலர் சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார். "குடி நைனா. மழையில நனைஞ்சிக்கினு வர்றே" என்றார், மெதுவாக. கடிதம் இல்லாத நாளில் எனக்கு அவர் கொடுத்த முதல் சோடா அது. என்னால் குடிக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அந்தச் செடி செத்தால் அவர் மனசில் எது சாகும் என்று எனக்குத் தெரியும். அது வெறும் பாட்டிலுக்கு முட்டுக் கொடுத்த பச்சை என்பதும் எனக்குத்தான் தெரியும். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

தெருவே பயந்துபோனது. சோடாக்கடையில் சத்தமில்லை என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? ஆளாளுக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள். அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினார். மேஸ்திரி சம்சாரம் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் நேராகக் கிணற்றடிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த செடி வாளியை மடமடவென்று மேலே இழுத்து, மழையில் சேற்றில் வைத்துவிட்டு, தன் குடத்தைக் கட்டி இறக்கினாள்.

"ஏய்! இன்னாடீ பண்றே?"

"தண்ணி சேந்தறேன். அழுவின செடிக்கு இன்னாத்துக்குக் கெணறு?"

"யாரடீ அழுவின செடின்றே? ஒன் நாக்கு அழுவ!"

குரல் ஏரிக்கரையைத் தாண்டியது. தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து, அப்பாடா என்று நின்று கேட்டது. திட்டு வாங்கிக்கொண்டே மேஸ்திரி சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அன்று வந்த ஆத்திரத்தில் அந்தம்மா அழுகின பக்கத்தை நகத்தால் கிள்ளி எறிந்தார். சட்டி மண்ணைக் கொட்டி, மேஸ்திரி வீட்டுச் சரளைக் கல்லைப் பாதிக்குப் பாதி கலந்து திரும்ப வைத்தார். கழுத்தில் தண்ணீர் தங்காமலிருக்க அடியில் ஏதாவது கொடுக்க வேண்டுமே? உடைந்த சோடா பாட்டில்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோலிகளை எடுத்துச் செடியைச் சுற்றி நெருக்கமாகப் பதித்தார். மழை பெய்தால் கோலி மேல் விழுந்து வழிந்தோடியது. செடி கோலி மேல் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டது. தெருப் பிள்ளைகள் அந்தக் கோலிகளுக்கு ஆசைப்பட்டுச் சுற்றி வந்ததும், அதற்காக நடந்த சண்டைகளும் தனிக் கதை.

மார்கழியில் ஊரே போர்வைக்குள் நடுங்கும்போது அந்தம்மா ஐஸ் வரவழைத்தார். பஸ்காரன், "யம்மா, மார்கழியில ஐஸு கேக்கற மொத ஆளு நீதான்" என்றான். "நமக்குத்தான்டா இது குளிரு. அதுக்கு வேக்காடு" என்றார். விடியற்காலை பஜனை கோஷ்டி போகும்போது, பனியில் செடியை வெளியே வைத்து, சுற்றி ஐஸ் அடுக்கி, தலையில் முக்காட்டோடு காவல் உட்கார்ந்திருப்பார். பஜனைக்காரர்கள் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செடிக்கும் ஒன்று போட்டுவிட்டுப் போவார்கள்.

தை பிறந்து கடிதம் வந்தது. மிலிட்டரி முத்திரையைப் பார்த்ததும் நான் போஸ்டாபீசிலிருந்தே மணி அடித்துக்கொண்டு போனேன். ஆள் நலம், மாசியில் லீவு என்று எழுதியிருந்தார். கடிதத்தை வாசித்துச் சொன்னவனும் நான்தான். கேட்டுவிட்டு அந்தம்மா, "இத்தினி நாளா எழுதறதுக்குக் கையில இன்னா, புண்ணா?" என்று கடிதத்தோடு சண்டை போட்டார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஊற்றியது. அதற்கு அடுத்த வாரம் செடியின் நடுவில் கடுகளவு ஒரு மொட்டு.

மொட்டு விரிந்த அன்று தெரு வரிசையில் நின்றது. ஐந்து இதழ், ஊதாவும் ரோஜாவும் கலந்த நிறம், நடுவில் மஞ்சள் புள்ளி. எல்லாம் சரி, அளவு? ஒரு மூக்குத்திக்கு மேல் இல்லை. வரிசையில் நின்று பார்த்த கான்ஸ்டபிள், "இதுக்கா இத்தினி ஐஸு?" என்றார். மேஸ்திரி சம்சாரம் அவரை முறைத்த முறைப்பில் அந்த ஆள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தம்மாவுக்கு ஒரே கவலைதான். அவர் வருவதற்குள் இது உதிர்ந்துவிட்டால்? அதனால் செடி காலை இளவெயிலோடு சரி, மற்ற நேரமெல்லாம் கிணற்றிலேயே கிடந்தது. தெரு ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்துத் தெருவில் போய்த் தண்ணீர் சேந்தியது.

மாசியில் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்க விடாமல் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். அந்தம்மா கயிற்றை இழுத்தார். வாளி மேலே வந்தது. கோலிகளுக்கு நடுவில், பச்சை மெத்தை மேல், அந்த ஒற்றைப் பூ.

வீட்டுக்காரர் அதையே பார்த்தார். அந்தம்மாவின் கையைப் பார்த்தார். கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கை தழும்பேறியிருந்தது. ஆறடி ஆள் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். "என்னை மன்னிச்சிடு" என்றார். "பொய் சொல்லிட்டேன். அது பூச்செடின்னு எடுத்தாரல. ரம்மு பாட்டிலு ஒடையாம இருக்க அடைச்ச பச்சை அது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சோடா பாட்டில் பறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார் அந்தம்மா.

கண்ணைத் திறந்தேன்.

"எங்க நைனா கள்ளு எறக்கினவரு. எனக்கா மூக்கு இல்ல? டப்பாவத் தொறந்தப்பவே வாசனை தூக்கிச்சு. பாட்டிலு படுத்த குழி வேற அப்பிடியே இருந்திச்சு." என் பக்கம் திரும்பினார். "இதோ முழிக்கிறானே, பாக்கே போடாத ஆளு அன்னிக்கி வெத்தலைய மென்னுக்கினு வந்தான். இவனுக்கு ஊத்தினதும் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா இத்தினி பாடு பட்டே?" என்றார் அவர்.

"கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து நீ எனக்குப் பூவுன்னு ஒண்ணு எடுத்தாந்ததில்ல. எனக்கோசரம் ஒரு பொய்யி சொன்னதும் இல்ல. அன்னிக்கித்தான், என் மூஞ்சப் பாத்து, ஒனக்கோசரம் பூவுன்னே. பொய்யாவே இருக்கட்டுமே. மொதமொதல்ல சொன்னது. அத சாவ வுடுவேனா?"

மேஸ்திரி சம்சாரம் அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம். வீட்டுக்காரர் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பூவைக் கிள்ளி அந்தம்மா தலையில் வைப்பதற்காக, விரலைச் செடிகிட்டே கொண்டுபோனார்.

"கைய எடுய்யா!"

பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"ஒரு வருசம் பாடுபட்டுப் பூக்க வெச்சா, வந்ததும் வராததுமா பிய்க்கறே? வெயிலு ஏறுது பாரு, நின்னுக்கினே கீறியே, புடி கயித்த! மெதுவா எறக்கு. மெதுவான்றேன், லாரியா ஓட்றே? யோவ் வெத்தலை, நீ இன்னா வேடிக்கை பாக்குறே, தள்ளு!"

மாற்றலாகிப் போகிற வரைக்கும் எனக்கு அந்தத் தெருவில் 'வெத்தலை' என்றுதான் பெயர். வீட்டுக்காரர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, வாளி ஆடாமல் கிணற்றுக்குள் இறங்கியது. அது முழுக்க இறங்குகிற வரை, காலிக் குடங்களை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தெரு பொறுமையாகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றது.